பராக்கு

விடிந்து ஒரு நாழிகை ஆகியிருக்கும். யாழ்ப்பாணத்து வீடொன்றின் கிணற்றடியிலே, பூவரச மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட சிறு கண்ணாடியின் முன் நின்று, எழுதுவினைஞர் ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருக்கின்றார். வலக் கன்னம் முடிந்து இடக் கன்னத்திற்குக் கத்தி மாறும் வேளை. கந்தோரில் முடிக்கவேண்டிய கடிதங்களைப் பற்றியோ, மாத முடிவிற் கட்டவேண்டிய சீட்டுப் பணத்தைப் பற்றியோ அவர் அப்பொழுது சிந்திக்கவில்லை. அவர் சிந்திப்பது வேறு. 'கண்ணாடியிலே தெரிகின்ற மனிதன் இடக்கையாற் சவரம் செய்கின்றானே! வலத்தை இடமாக்குகின்ற இக்கண்ணாடி, மேலைக் கீழாக்காமல் விட்டதேன்? தலைகீழான முகத்தையன்றோ அது காட்டியிருக்க வேண்டும்?' கத்தி அந்தரத்தில் நிற்கின்றது. சவர்க்கார நுரை காய்கின்றது. "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது!" என்ற குரல் அடுக்களையிலிருந்து எழுந்த பின்னரே கத்தி மீண்டும் கன்னத்தில் இறங்குகின்றது.

குரல் கொடுத்த இல்லத்தரசியின் நிலையும் அதுவே. அவர் அம்மியிலே சம்பல் அரைத்துக்கொண்டிருக்கின்றார். குழவி போய் வருகின்றது. அதன் தாளத்திற்கு இசைய, 'அம்மி, அம்மி' என்று அவருடைய வாய் தன்பாட்டிற் சொல்லிப் பார்க்கின்றது. உடனே ஓர் ஐயம் பிறக்கின்றது. உதடு ஒட்டாமல் இச்சொல்லைச் சொல்ல இயலுமா? முயன்று பார்க்கின்றார், இயலவில்லை. 'அம்மா' என்பதும் இயலவில்லை. 'அப்பா' என்பதும் இயலவில்லை. ஆனால் 'அக்கா', 'அண்ணா', 'தங்கை' ஆகிய மூவரும் உதடு ஒட்டாமலே வந்துவிடுகின்றனர். தம்பி ஒருவன் மாத்திரம் வர மறுக்கின்றான். சம்பல் அரைபட்டு முடிவதற்குள் சுற்றத்தார் அனைவரையும் அவர் இவ்வாறு சோதித்துவிடுகின்றார்.

அவ்வீட்டுச் சிறுவன் தோசைக்கு முன் அமர்ந்திருக்கின்றான். பிய்த்த துண்டு கையில் இருக்கின்றது, வாய்க்குப் போகவில்லை. முந்தின இரவு கோயிலிலிருந்து தந்தையாரின் துவிச்சக்கர வண்டியிற் பின்னால் அமர்ந்து வந்தபோது, சந்திரன் பனைகளுக்கு மேலாக வீட்டுப் படலை வரை கூடவே வந்ததை அவன் கண்டிருந்தான். ஆனால் அதே கோயிலிலிருந்து எதிர்த் திசையிற் போன அவனுடைய தோழன் வீட்டிற்குச் சந்திரன் போகவில்லையா? போயிருந்தால், இங்கே வந்தது யார்?

வீடொன்று, காலை ஒன்று, எண்ணங்கள் மூன்று. இவற்றை எவரும் அழைக்கவில்லை. இவற்றாற் காசு கிடைப்பதுமில்லை. எழுதி வைப்பாரில்லாமையால் அடுத்த கணமே மறைந்துபோவன இவை. எனினும் சவரமும் சமையலும் குளிப்பும் நடையும் உள்ள இடமெங்கும், ஒவ்வொரு நாளும், இத்தகைய எண்ணங்கள் ஆயிரமாயிரமாய்த் தோன்றி மறைகின்றன. யாழ்ப்பாணத்தார் இதற்கு வைத்திருக்கும் சொல் 'பராக்கு' என்பது. "தம்பி, பராக்குப் பாராமற் சாப்பிடு" என்று கேளாத பிள்ளை அந்நாட்டில் இருத்தல் அரிது. பராக்குப் பார்ப்பவன் கவனம் இல்லாதவன், வேலைக்கு ஆகாதவன். இதுவே உலகத்தார் தீர்ப்பு. இத்தீர்ப்பு முற்றும் நியாயமானதுதானா?

முதலிலே, இவ்வெண்ணங்கள் எந்த வேளையிற் பிறக்கின்றன என்பதை நோக்குதல் வேண்டும். துவிச்சக்கர வண்டியை முதன்முதல் ஓட்டப் பழகுகின்றவனுக்கு இவை தோன்றுவதில்லை. அவனுடைய மனம் முழுவதும் கைபிடியிலும் மிதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓராண்டு கழிந்த பின்னர் அவன் ஓட்டுவதைப் பார்த்தால், கால் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். மனமோ வேறெங்கோ சென்றிருக்கும். தொழில் கைக்குப் பழகியவுடன், அதனை மேற்பார்வை செய்யும் பொறுப்பிலிருந்து மனம் பெரும்பாலும் விடுதலை பெறுகின்றது. அந்த விடுதலையிலேதான் பராக்குப் பிறக்கின்றது.

நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்து சேருமுன், யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குத் துலாவினால் நீர் இறைக்கப்பட்டது. துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பவர்கள், கீழே நின்று பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுபவர், வாய்க்காலிலே நீரைத் திருப்பிவிடுபவர் என ஆட்கள் வகுக்கப்பட்டிருந்தனர். விடியற்புறத்திலே தொடங்கி மணிக்கணக்காக ஒரே நடை, ஒரே தாளம். கிடுகு பின்னுவோரும், நெல்லுக் குற்றுவோரும், கடற்கரையிலே வலையின் கிழிசலைச் சீர்செய்வோரும் அவ்வாறே பழகிய கையினாற் பழகிய தொழிலை நெடுநேரம் செய்தனர். அவர்களுடைய பாட்டுகளும் நொடிகளும் பழமொழிகளும், ஓய்ந்திருந்த வேளையிலும் பார்க்க, இவ்வாறு கை ஓயாதிருந்த வேளைகளிலேயே மிகுதியாகப் பிறந்திருக்கும் என்று கொள்ள இடமுண்டு.

மனத்தின் இவ்வியல்பை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அமெரிக்க அறிஞரான வில்லியம் ஜேம்ஸ், 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியற் பெருநூலிலே, எண்ணம் என்பது துண்டு துண்டாகக் கோத்த சங்கிலியன்று, இடையறாது ஓடும் நீரோட்டம் போன்றது என்று விளக்கினார். அவருக்குப் பின் பல்லாண்டுகள் கழிந்து, மூளையின் தொழிலைப் படம் பிடித்துக் காட்டும் கருவிகள் வந்தன. மனிதனுடைய உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கின்றது. கடினமான கணக்கொன்றைச் செய்யும்போது இச்செலவு பன்மடங்கு கூடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கூடுவதோ மிகச் சிறிதளவே. அதாவது, மனிதன் 'சும்மா' இருக்கின்றான் என்று பிறர் நினைக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. 2001 ஆம் ஆண்டில் மார்க்கஸ் ரெய்க்கல் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும், புறத்தே குறிப்பிட்ட வேலை இல்லாத பொழுதில் மூளையின் சில பகுதிகள் ஒருங்கே மிகுந்து தொழிற்படுவதையும், வேலை வந்தவுடன் அவை அடங்குவதையும் எடுத்துக்காட்டினர். பழைய நினைவுகளை மீட்டல், வருங்காலத்தைக் கற்பனை செய்தல், பிறர் மனத்தை உய்த்துணர்தல் ஆகிய தொழில்களோடு அப்பகுதிகள் தொடர்புடையன என்பது பின்னர் தெரியவந்தது. சும்மா இருத்தலும் மூளைக்கு ஒரு தொழிலே போலும்.

அங்ஙனமாயின் அத்தொழிலின் விளைச்சல் யாது? பெரும்பாலும் உமியே. ஆயினும் சிற்சில வேளைகளில் உமிக்குள்ளே நெல்மணி ஒன்று அகப்பட்டுவிடுகின்றது.

அயர்லாந்துக் கணித மேதையான வில்லியம் றோவன் ஹமில்ற்றன் என்பவர், மும்மூன்றாக அமைந்த எண்களைக் கூட்டவும் கழிக்கவும் வழி கண்டிருந்தார். அவற்றைப் பெருக்கும் வழி மட்டும் பல ஆண்டுகளாக அகப்படவில்லை. அவருடைய மைந்தர்களும் இதனை அறிந்திருந்தனர். 1843 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், காலை உணவுக்கு அவர் வரும்போதெல்லாம், மும்மை எண்களைப் பெருக்க வழி தெரிந்துவிட்டதா என்று அவர்கள் கேட்பார்களாம். தந்தையார் தலையை அசைத்து, கூட்டலும் கழித்தலுமே முடிகின்றன என்று துயரத்தோடு விடை கூறுவாராம். அம்மாதம் 16 ஆம் நாள், சபைக் கூட்டமொன்றிற்குத் தலைமை தாங்குவதற்காக, டப்ளின் நகரத்துக் கால்வாய் ஒன்றின் கரையோரமாக அவர் நடந்து சென்றார். உடன் சென்ற மனைவியார் இடையிடையே ஏதோ பேசிக்கொண்டு வந்தார். பேச்சு மேலே ஓட, எண்ணம் அடியிலே ஓடிற்று. பாலம் ஒன்றை அணுகியபோது திடீரென விடை தோன்றிற்று. மூன்று எண்கள் போதா, நான்கு வேண்டும். மறந்துவிடுமோ என்று அஞ்சியவர்போற் சட்டைப்பைக் கத்தியை எடுத்து அப்பாலத்தின் கல்லிலேயே சூத்திரத்தைச் செதுக்கிவிட்டார். அச்செதுக்கல் காலத்தால் அழிந்தது. 1958 ஆம் ஆண்டில் அங்கே நினைவுக் கல் ஒன்று பதிக்கப்பட்டது. 'குவாட்டேர்னியன்' எனப்படும் அந்நால்வகை எண்கள் இன்று விண்கலம் எத்திசையை நோக்கி நிற்கின்றது என்பதைக் கணிப்பதற்கும், கணினித் திரையில் உருவங்களைச் சுழற்றுவதற்கும் பயன்படுகின்றன.

பிரான்சிய அறிஞர் ஹென்றி புவன்காரே தம் அனுபவத்தை 1908 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பல நாள் முயன்ற கணிதச் சிக்கல் ஒன்றை அறவே மறந்து அவர் சுற்றுலாச் சென்றிருந்தார். கூத்தான்ஸ் என்னும் ஊரிலே குதிரை வண்டியில் ஏறுவதற்காகப் படியில் அடியெடுத்து வைத்த அதே கணத்தில், விடை மனத்தில் உதித்தது. அவர் கூச்சலிடவில்லை, வண்டியில் ஏறி அமர்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்து பேசிக்கொண்டே சென்றார். வீடு திரும்பிய பின்னர் ஆறுதலாக அதனைச் சரிபார்த்துக்கொண்டார்.

இவ்விருவரும் ஏலவே உழைத்த சிக்கலுக்கு விடை கண்டவர்கள். விளையாட்டாகவே தொடங்கிய எண்ணம் ஒன்றின் கதையை அமெரிக்க இயற்பியலறிஞர் றிச்சட் பெயின்மன் 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் கூறியுள்ளார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கற்பித்த காலத்தில், இனித் தம்மால் ஆராய்ச்சி செய்யவே முடியாது என்ற சலிப்பு அவரைப் பிடித்திருந்தது. ஒரு நாள் அங்குள்ள சிற்றுண்டிச்சாலையிலே எவனோ ஒருவன் வேடிக்கையாகத் தட்டொன்றை மேலே எறிந்தான். தட்டு சுழன்றது, சுழன்றவாறே ஆடவும் செய்தது. அதிலிருந்த பல்கலைக்கழக முத்திரை சுற்றும் வேகமும் தட்டு ஆடும் வேகமும் வேறு வேறாக இருந்தன. அவற்றிடையே உள்ள கணக்கு யாது? ஒரு பயனும் கருதாமல், பொழுதுபோக்காகவே அவர் அதனைக் கணித்துப் பார்த்தார். இதனால் ஆவதென்ன என்று மூத்த அறிஞர் ஒருவர் வினவியபோது, ஆவதொன்றுமில்லை, வேடிக்கைக்காகவே செய்தேன் என்றாராம். அந்த வேடிக்கையிலிருந்து அவர் மனம் மெல்ல மெல்ல இலத்திரன்களின் சுழற்சிக்குத் தாவிற்று; சலிப்பு நீங்கிற்று. வேறிருவரோடு பகிர்ந்து 1965 ஆம் ஆண்டில் அவர் பெற்ற நோபல் பரிசுக்குரிய ஆராய்ச்சிக்கு அத்தட்டே தொடக்கமாயிற்று என்பது அவருடைய சொந்தக் கூற்று.

இவற்றைக் கேட்டவுடன், இனி எவரும் உழைக்க வேண்டியதில்லை, கால்வாய்க் கரையில் உலாவினாற் போதும் என்று முடிவு கட்டுதல் தவறு. ஹமில்ற்றன் உலாவிய கரையிலே அன்றும் அதற்கு முன்னும் எத்தனையோ பேர் உலாவினர்; அவர்களுக்கு எந்தச் சூத்திரமும் தோன்றவில்லை. உழுது எருவிட்ட நிலத்திலேதான் மழையால் முளை வரும். முன்னே உழைப்பும் பின்னே சரிபார்த்தலும் இல்லையாயின், இடையிலே தோன்றும் மின்னல் வெறும் மின்னலாகவே முடிந்துவிடும் என்பதைப் புவன்காரே தாமே வற்புறுத்தியிருக்கின்றார்.

அம்மியடியிலே தோன்றிய ஐயத்தையும் இத்தருணத்தில் மீண்டும் நோக்குதல் தகும். பகர மகரங்கள் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதாற் பிறப்பன என்று தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து விளக்கியிருக்கின்றது. உதடு ஒட்டாமலும் குவியாமலும் ஒரு சொல்லைச் சொல்லலாமா என்ற அதே வேடிக்கை வினாவைப் புலவர்களும் தம்மைக் கேட்டுக்கொண்டனர். ஒரு சொல்லளவில் அவர்கள் நிற்கவில்லை. செய்யுள் முழுவதையுமே அவ்வாறு பாடினர். அதற்கு 'நிரோட்டகம்' என்று பெயர். 17 ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மீது பாடிய 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' இவ்வகையிற் பெயர்பெற்றது. சம்பல் அரைக்கும் தாயாருக்கும் அப்புலவருக்கும் தோன்றிய வினா ஒன்றே. ஒருவருடைய வினா சம்பலோடு முடிந்தது. மற்றவருடைய வினா இலக்கணப் பயிற்சியும் சொல்வளமும் சேர்ந்தமையால் நூலாயிற்று.

இனி, பராக்கின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. பஞ்சதந்திரத்திலே வரும் ஏழை அந்தணன் கதை யாவரும் அறிந்தது. பிச்சை எடுத்துச் சேர்த்த மாவைப் பானையிலிட்டுத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக் கட்டிலிற் படுத்திருந்தான் அவன். மாவை விற்று ஆடு; ஆட்டை விற்று மாடு; மாட்டை விற்று வீடு; பின்னர் மனைவி; பின்னர் மகன். அம்மகனைக் கவனியாத மனைவியை உதைப்பதாக எண்ணிக் காலை வீசினான். பானை உடைந்து மா முழுவதும் அவன் மேலேயே கொட்டியது. இதுதான் மனக்கோட்டை. இதற்கு நேர்மாறாக, மனக்கோயில் ஒன்றும் தமிழில் உண்டு. திருநின்றவூர்ப் பூசலார், சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பி எங்கும் பொருள் தேடியும் கிடைக்காமையால், மனத்திலேயே கட்டத் தொடங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அவரும் நினைத்தார்; ஆனால் நினைத்த முறை வேறு. கல்லும் மரமும் தேடி, தச்சரைக் கூட்டி, நல்ல நாளில் அடித்தளம் இட்டு, இரவிலும் உறங்காது படிப்படியாக எழுப்பி, சுதை பூசி, கிணறும் வெட்டி, மதிலும் எடுத்து, குளமும் தோண்டினார். அரசன் காஞ்சியிற் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்த அதே நாளிலே அந்த மனக்கோயிலுக்கும் குடமுழுக்கு அமைந்தது. இறைவன் அரசனுடைய கனவிலே தோன்றி, அவனுடைய நாளை மாற்றச் சொன்னான் என்பது வரலாறு. அந்தணனுடைய நினைவு ஆசையால் தாவிற்று. பூசலாருடைய நினைவு ஒழுங்கோடு நடந்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அலையும் மனம் எப்பொழுதும் இன்பத்திலேயே அலைவதுமில்லை. ஹாவாட் பல்கலைக்கழக உளவியலாளர் இருவர் 2010 ஆம் ஆண்டில் ஆய்வொன்றை வெளியிட்டனர். 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு வேளைகளிலே கைப்பேசி வாயிலாக, 'இப்பொழுது செய்துகொண்டிருப்பது யாது? மனம் எங்கே இருக்கின்றது? எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கின்றீர்?' என வினவினர். ஏறக்குறைய நூற்றுக்கு 47 வேளைகளில் மனம் செய்கின்ற வேலையில் இருக்கவில்லை. அவ்வாறு அலைந்த வேளைகளில் அவர்களுடைய மகிழ்ச்சியும் குறைந்தே காணப்பட்டது. இதில் வியப்பில்லை. நேற்றுப் பட்ட அவமானத்தையும் நாளைக்குக் கட்டவேண்டிய கடனையும் திரும்பத் திரும்ப நினைத்தல் பராக்கன்று; அது கவலை. கவலை ஒரே தடத்தில் வட்டமிடும் செக்குமாடு. பராக்கோ கட்டவிழ்த்த கன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. அன்றியும், வீதியைக் கடக்கும்போதும், வாகனத்தைச் செலுத்தும்போதும், கொதிக்கும் எண்ணெய்க்கு அருகே நிற்கும்போதும் கன்றைக் கட்டியே வைத்தல் வேண்டும்.

ஆனால் இக்காலத்தில் உண்மையான ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகின்றது. 2014 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். வெறும் அறையொன்றில் 15 நிமிடம் தனியே அமர்ந்து தம் எண்ணத்தோடு மட்டும் இருக்குமாறு சிலரைக் கேட்டுக்கொண்டனர். அறையிலே ஒரு விசை மாத்திரம் உண்டு. அதை அழுத்தினால் உடலில் மின்னதிர்ச்சி பாயும். அவ்வதிர்ச்சியைத் தவிர்ப்பதற்குக் காசு கொடுக்கவும் ஆயத்தம் என்று முன்னர் சொன்னவர்களே அவர்கள். இருந்தும், ஆடவர் 18 பேரில் 12 பேரும், பெண்டிர் 24 பேரில் 6 பேரும், சும்மா இருக்க மாட்டாமல் தம்மைத் தாமே அதிர்ச்சிக்கு உள்ளாக்கிக்கொண்டனர். தம் மனத்தோடு கால் மணி நேரம் தனித்திருத்தல் அவர்களுக்கு அத்துணை அரிதாயிற்று.

அவ்வறையிலே விசை இருந்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கின்றது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடமும், உலை கொதிக்கும் வரையுள்ள பத்து நிமிடமும், படுக்கையிற் கண் மூடுவதற்கு முன்னுள்ள சிறு பொழுதும் முன்னர் மனத்திற்கு உரியனவாக இருந்தன. இப்பொழுது அவற்றையெல்லாம் பிறருடைய குரலும் பிறருடைய படமும் நிரப்பிவிடுகின்றன. வானொலிப் பெட்டியும் இக்குற்றத்திலிருந்து முற்றாக விடுபட்டதன்று. அடுக்களையிலே முதன்முதல் இடம் பிடித்த அயலார் குரல் அதனுடையதே. அறிவு வளர்க்கும் குரலாயினும், இனிய பாட்டாயினும், இடைவெளியின்றி ஒலித்தால் மனம் கேட்கும் செவியாக மாத்திரமே இருந்துவிடும். தானாக ஒன்றைக் கேட்க மறந்துவிடும்.

இதில் இழப்பு மிகுதியும் குழந்தைகளுக்கே. தோசைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சந்திரனை நினைத்த அச்சிறுவனுக்கு முன்னே கைப்பேசி ஒன்றை வைத்துவிட்டால், அவன் படத்தைப் பார்த்தவாறே இரண்டு தோசையையும் விரைவாக உண்டு முடிப்பான். தாயாருக்கும் வேலை எளிது. பிள்ளை பராக்குப் பார்க்கவில்லை என்ற மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் சந்திரனைப் பற்றிய வினா கேட்கப்படாமலே போய்விடும். கேட்கப்படாத வினாவுக்காக அழுவார் எவருமில்லை. அது இருந்ததே எவருக்கும் தெரியாது. எவர் கண்ணுக்கும் புலப்படாத இழப்பாதலின் இது கொடியது.

அன்று காலை அந்த வீட்டிற் கைப்பேசி அலுமாரியின் மேலே கிடந்தது. தாயார், "தம்பி, பராக்குப் பாராமற் சாப்பிடு" என்றார். சிறுவன் தன் ஐயத்தை வெளியிட்டான். நுரை காய்ந்த முகத்தைத் துவாயினால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த தந்தையார் நகைக்கவில்லை. உடனே விடை சொல்லவும் இல்லை. அன்றிரவு மகனையும் அவன் தோழனையும் ஒழுங்கைக்கு அழைத்துச் சென்றார். ஒருவனைக் கிழக்கேயும் மற்றவனை மேற்கேயும் நடக்கவிட்டார். "என்னோடுதான் வருகுது!" என்று இரு பக்கத்திலுமிருந்து இரு குரல்கள் எழுந்தன. அப்பொழுதுதான் அவர் விளக்கினார். வேலியும் பனையும் அருகே இருப்பவை; நாலு அடி நடந்தால் அவை பின்னே நகர்வதாகத் தோன்றும். சந்திரனோ ஏறக்குறைய 3,84,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பது. நாலு அடி என்ன, நாலு மைல் நடந்தாலும் அது நிற்கும் திசை கண்ணுக்குத் தெரியும் அளவு மாறுவதில்லை. பின்னே போகாத ஒன்றைக் கூடவே வருகின்றது என்று கண் எடுத்துக்கொள்கின்றது. ஆகவே சந்திரன் இருவரோடும் வந்தது, ஒருவரோடும் வரவில்லை.

அவ்வாறு விளக்கிக்கொண்டிருந்தபோதே அவருடைய காலைநேர ஐயமும் தெளிந்தது. கண்ணாடி வலத்தை இடமாக்குவதே இல்லை. கிழக்கே இருக்கும் கை கண்ணாடியிலும் கிழக்கேதான் இருக்கின்றது. மேலே இருக்கும் தலை மேலேயேதான் இருக்கின்றது. வடக்கு நோக்கி நிற்பவனைத் தெற்கு நோக்கி நிற்பவனாகக் காட்டுவது ஒன்றே, அதாவது முன்னைப் பின்னாக்குவது ஒன்றே, அது செய்யும் மாற்றம். பார்க்கின்றவர் தாமே சுற்றிக்கொண்டு போய் அங்கே நிற்பதாகக் கற்பனை செய்கின்றமையால், வலக்கை இடக்கையாகத் தோன்றுகின்றது. கண்ணாடியிற் குற்றமில்லை.

'பராக்கு' என்ற ஒலிக்குத் தமிழிலே வேறொரு பொருளும் உண்டு. அரசன் கொலுமண்டபத்திற்கு வரும்போது கட்டியகாரன், "பராக்! பராக்!" என்று கூவுவதைக் கூத்து மேடையிற் பலர் கேட்டிருப்பர். அங்கே அதற்குப் பொருள், கவனியுங்கள் என்பது. கவனம் இல்லாமைக்கும் கவனிக்க வேண்டுமென்னும் கட்டளைக்கும் ஒலி ஒன்றாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. கை வேலையில் இருக்க மனம் உலாவப் போகும் அந்தச் சிறு பொழுதிலே, வருவது அரசனா ஆண்டியா என்று முன்கூட்டி எவர்க்கும் தெரியாது. வாயிலைத் திறந்து வைத்திருப்பவர்க்கே வருபவர் யார் என்பது தெரியவரும்.

இப்பேச்சு முடிந்தபின் வானொலிப் பெட்டியைச் சற்று மூடிவைத்தல் நன்று. அடுப்பிலே நீர் கொதிக்கட்டும். துலக்கவேண்டிய பாத்திரங்கள் கையிலிருக்கட்டும். எஞ்சியதை மனம் பார்த்துக்கொள்ளும்.